கொசு கடித்த இடம் கொழுக்கட்டை மாதிரி வீங்குதா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

காலையில் எழுந்து பார்த்தால் பிள்ளையின் ஒரு கண் முழுசாக மூடிக்கிடக்கும். ராத்திரி நன்றாகத்தான் தூங்கியிருப்பான். இமை உப்பி, கன்னம் வரை வீங்கி, தொட்டால் சூடாக இருக்கும். "ஏதோ விஷக்கடிடா" என்பார் பாட்டி. "எங்கயாவது இடிச்சிக்கிட்டியா?" என்பார் அப்பா. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ஆன்டிபயாட்டிக் பெயரையே சொல்லிவிடுவார். உற்றுப் பார்த்தால் இமை ஓரத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி. கடித்தது கொசு.

புதுச்சேரி நகரத்தில் கொசுவைப் பற்றி யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. பெரிய வாய்க்காலை ஒட்டிய தெருவாக இருந்தாலும் சரி, உப்பனாறு வாய்க்கால் போகும் பக்கமாக இருந்தாலும் சரி, சாயங்காலம் ஆனால் ஜன்னலைச் சாத்துவது ஒரு பழக்கம். ஆனால் ஒரே அறையில் படுத்த நாலு பேரில் மூன்று பேருக்குச் சின்னத் தடிப்பு, ஒருவருக்கு மட்டும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வீக்கம் என்றால் வீடே பதறிப்போகிறது. டாக்டரிடம் ஓடுவதா, ஐஸ் வைத்துவிட்டுக் காத்திருப்பதா?

இதற்குப் பதில் பெரும்பாலும் ஒரே கேள்வியில் இருக்கிறது. கடித்து எத்தனை மணி நேரத்தில் வீங்கியது?

கொசு ஊசி போடும்போது என்ன நடக்கிறது?

கடிப்பது பெண் கொசு மட்டும்தான். முட்டை வளர அதற்கு ரத்தம் வேண்டும். ரத்தம் உறைந்துவிட்டால் உறிஞ்ச முடியாது என்பதால், ஊசியை இறக்கும்போதே தன் எச்சிலையும் தோலுக்குள் விடுகிறது. அந்த எச்சிலில் உள்ள புரதங்கள்தான் பிரச்சினை. அவை விஷம் இல்லை. ஆனால் நம் உடலின் எதிர்ப்பு அமைப்பு அவற்றை அந்நியப் பொருளாகப் பார்த்து ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கிறது. அரிப்பு, தடிப்பு, சிவப்பு எல்லாம் அதன் வேலை.

சாதாரணமாக, கடித்த சில நிமிடங்களில் ஒரு வெளிறிய தடிப்பு எழும்பும். சுமார் 20 நிமிடத்தில் அது உச்சத்துக்குப் போய் அடங்கும். மறுநாள் அதே இடத்தில் கெட்டியான ஒரு அரிக்கும் கொப்புளம் வரும். "நேத்து கடிச்சது இன்னைக்கு ஏன் அரிக்குது?" என்பதற்கு இதுதான் காரணம். இரண்டும் உடலின் இரண்டு வேறு வேறு எதிர்ப்பு வழிகள்.

ரத்தம் சரியில்லாததால் வீங்குகிறது, சூட்டு உடம்பு, இனிப்பு ரத்தம் என்று சொல்லப்படுவதற்கெல்லாம் ஆதாரம் இல்லை. யாரைக் கொசு அதிகம் தேடி வருகிறது என்பது வேறு விஷயம். தோலில் சுரக்கும் சில கொழுப்பு அமிலங்கள் அதிகமாக உள்ளவர்களைக் கொசு விடாமல் தேடுவதை அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் காட்டினார்கள். பீர் குடித்தவர்களிடம் மலேரியா கொசு கூடுதலாக ஈர்க்கப்படுவதை ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாஸோவில் நடந்த ஆய்வு 2010-ல் சொன்னது. புதுச்சேரிக்கு வார இறுதியில் வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஒருவருக்கு வீக்கம், இன்னொருவருக்கு ஒன்றுமில்லை. ஏன்?

இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் பிரிட்டன் பூச்சியியலாளர் கென்னத் மெல்லன்பி. 1946-ல் அவர் வெளியிட்ட விளக்கம் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. வாழ்க்கையில் முதல்முறை கடிபடும்போது ஒன்றுமே ஆகாது. உடல் அந்த எச்சிலை இனம் கண்டுகொண்டதும் மறுநாள் கொப்புளம் வரத் தொடங்கும். அடுத்த கட்டத்தில் உடனடித் தடிப்பும் மறுநாள் கொப்புளமும் சேர்ந்து வரும். கடி தொடர்ந்துகொண்டே இருந்தால் கொப்புளம் நின்று தடிப்பு மட்டும் மிஞ்சும். கடைசியில் அதுவும் நின்றுபோகும். வாய்க்கால் ஓரத்தில் காலமெல்லாம் இருந்த தாத்தா "எனக்கெல்லாம் கொசு கடிச்சா தெரியவே தெரியாது" என்று சொல்வது பெருமைப் பேச்சு அல்ல, நிஜம்.

நடுக் கட்டத்தில் இருப்பவர்கள் குழந்தைகள். அதனால்தான் அவர்களுக்கு வீக்கம் அதிகம். வளர வளரப் பெரும்பாலானவர்களுக்கு இது குறைந்துவிடும்.

புதுச்சேரியில் இன்னொரு கூட்டமும் இதில் மாட்டுகிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் வழிவந்த, ஊரில் 'சொல்தா' வீடு என்று அழைக்கப்படும் குடும்பங்களிலும், வேலைக்காக பிரான்ஸ் போய்த் தங்கிவிட்ட குடும்பங்களிலும், பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருவார்கள். அங்கே வேறு வகைக் கொசு, அதுவும் சில மாதங்கள்தான். இங்கே வந்து இறங்கிய நாலாம் நாள் கால் இரண்டும் தடித்துப்போய் நிற்கும். "இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கல" என்று தண்ணீர் மேல் பழி விழும். ஒத்துக்கொள்ளாதது கொசுவின் எச்சில்.

பெயர் வைக்கப்பட்ட வீக்கம்

சிலருக்கு எதிர்வினை எல்லை மீறிப் போகும். கடித்த சில மணி நேரத்துக்குள் வீக்கம் பல சென்டிமீட்டர் பரவும். சூடாக இருக்கும், வலிக்கும், சில சமயம் காய்ச்சலும் வரும். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழக மருத்துவர்கள் எஸ்டெல் சைமன்ஸ், ஜிகாங் பெங் இருவரும் இப்படிப்பட்ட ஐந்து குழந்தைகளை விவரித்து 1999-ல் இதற்கு 'ஸ்கீட்டர் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். ஸ்கீட்டர் என்பது அமெரிக்கப் பேச்சு வழக்கில் கொசு.

பெயர் வைத்ததால் ஒரு முக்கியமான பயன் கிடைத்தது. பார்ப்பதற்கு இது தோலில் கிருமி புகுந்த செல்லுலைடிஸ் மாதிரியே இருக்கும். அதனால் தேவையே இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்படுகிறது. கிருமி இல்லாத வீக்கத்துக்கு அந்த மருந்தால் ஒரு பயனும் இல்லை. நாலு நாளில் வீக்கம் தானாக வடியும்போது பெயர் மட்டும் மருந்துக்குப் போய்விடும்.

இங்கேதான் கடிகாரம் வருகிறது.

கடித்த சில நிமிடம் முதல் சில மணி நேரத்துக்குள் வீங்கியது, வலியை விட அரிப்பு அதிகம், நடுவில் கடித்த புள்ளி தெரிகிறது என்றால் அது பெரும்பாலும் அலர்ஜி. முழுசாக வடிய மூன்று நாள் முதல் பத்து நாள் வரை ஆகலாம்.

கடித்து இரண்டு மூன்று நாள் ஆன பிறகு, சொறிந்த இடத்தில் புதிதாக வலி கூடுகிறது, சிவப்பு பரவுகிறது, சீழ் அல்லது தேன் நிறப் பொருக்கு தெரிகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் நகம் வழியாகக் கிருமி புகுந்திருக்கலாம். இதற்கு டாக்டர் தேவை, ஆன்டிபயாட்டிக்கும் தேவைப்படலாம். சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய வழி உண்டு. வீக்கத்தின் ஓரத்தைச் சுற்றி பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, நேரத்தையும் எழுதி வையுங்கள். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று தெரிந்துவிடும். டாக்டருக்கும் இது உதவும்.

நம்மவர்களின் மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புத்தகப் படத்தில் இருப்பதுபோல் செக்கச்செவேல் என்று இருக்காது. கருத்தோ ஊதா கலந்தோ தெரியலாம். புறங்கையால் தொட்டு, மற்ற பக்கத்தோடு சூட்டை ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பகமானது.

மூன்றாவது, டெங்கு. கடித்து 4 முதல் 10 நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். அந்த நேரம் கடித்த இடத்தில் அடையாளமே இருக்காது. ஆகவே இன்று வீங்கிய இடத்துக்கும் டெங்குவுக்கும் சம்பந்தமில்லை. பெரிய வீக்கம் வந்தால் டெங்கு கொசு கடித்தது என்றும் அர்த்தமில்லை. தடிப்பே வராதவருக்கும் டெங்கு வரலாம். காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை டாக்டர் சொல்லாமல் தரக்கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

ஊரில் பெரியவர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. கால் வீங்கினால் "யானைக்கால் வந்துடுமோ?" என்பார்கள். ஒரு காலத்தில் இந்த ஊரை ஆட்டிப்படைத்த நோய் என்பதால் அந்தப் பயம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் யானைக்கால் ஒரு ராத்திரியில் வருவதில்லை. புழு சுமந்த கொசுக்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கடித்து, புழு உடலுக்குள் வளர்ந்து, நிணநீர்க் குழாய்கள் கெட்ட பிறகு வருவது அது.

காத்திருக்கவே கூடாத நேரம்

மூச்சுத் திணறல், நாக்கு அல்லது தொண்டை வீக்கம், குரல் மாறுவது, உடம்பெல்லாம் தடிப்பு, தொடர் வாந்தி, மயக்கம். கொசுக்கடியில் இந்த அளவு வருவது மிக அரிது. வந்தால் உடனே 108. அலர்ஜி மாத்திரை கொடுத்து வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை, அட்ரினலின் ஊசிதான் மருந்து.

கண் வீக்கத்தில், இமை மட்டும் உப்பி உள்ளே கண் தெளிவாக இருந்தால் பயம் குறைவு. இமைத் தோல் மெல்லியது, படுத்திருக்கும்போது நீர் அங்கே சேரும், அவ்வளவுதான். ஆனால் கண்ணை அசைத்தால் வலி, பார்வை மங்கல், விழி முன்னால் தள்ளியது போல் இருப்பது, கூடவே காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கோரிமேடு ஜிப்மரோ, பிள்ளைகளுக்கு எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே.

ஒவ்வொரு கடியும் நீர்க்கொப்புளமாகி, கருத்து, புண்ணாகி, கடுங்காய்ச்சலும் நெறி கட்டுவதும் சேர்ந்து வந்தால் அது வேறு விவகாரம். எப்ஸ்டீன்-பார் வைரஸோடு தொடர்புள்ள ஒரு அரிய நோய் ஜப்பானில் இப்படிக் கண்டறியப்பட்டிருக்கிறது. அதற்கு நிபுணர் பார்க்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு ஐஸைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வைத்து எடுங்கள். தேவைப்பட்டால் இடைவெளி விட்டு மறுபடி வைக்கலாம். கை கால் என்றால் தலையணை மேல் தூக்கி வைத்தால் வீக்கம் சீக்கிரம் இறங்கும். வீங்கும் கையில் மோதிரம், வளையல், கயிறு இருந்தால் உடனே கழற்றுங்கள். பிறகு கழற்ற முடியாது. அரிப்புக்கு கேலமைன் லோஷன் போதும், அதிகம் என்றால் லேசான ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீமை ஓரிரு நாள் மெல்லிசாகத் தடவலாம். முகத்துக்கும் கைக்குழந்தைக்கும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

வாய்வழி அலர்ஜி மருந்துகளில் செட்டிரிசின் போன்ற பிந்தைய தலைமுறை மருந்துகள் தூக்கத்தைக் குறைவாகவே தரும். வீட்டு டப்பாவில் எப்போதும் இருக்கும் அவில் நன்றாகத் தூக்கத்தைத் தள்ளும், போட்டுவிட்டு வண்டி ஓட்டக்கூடாது. பிள்ளைகளுக்கு சிரப் அளவு எடையைப் பொறுத்தது. அண்ணனுக்குக் கொடுத்த அளவைத் தம்பிக்குக் கொடுக்க முடியாது. இரண்டு வயதுக்குக் கீழ் டாக்டர் சொல்லாமல் தரவே கூடாது.

ஒவ்வொரு முறையும் பெரிதாக வீங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. செட்டிரிசினை முன்கூட்டியே எடுத்தால் தடிப்பும் அரிப்பும் குறைவதை ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 1990-களில் காட்டினார்கள். கொசு அதிகமான வாரங்களில், பயணத்துக்கு முன் இப்படி எடுக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

இனி, செய்யக்கூடாதவை. இந்தப் பட்டியல் நம் வீடுகளில்தான் நீளம். சுண்ணாம்பு தோலைச் சுட்டுவிடும். எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் போனால் கருந்திட்டும் கொப்புளமும் வரும். பற்பசை எரியும், பயன் இல்லை. ஸ்பூனைச் சூடு பண்ணி வைத்தால் அரிப்பு அடங்கும் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. சூடு சில நேரம் அரிப்பைக் குறைப்பது உண்மைதான், ஆனால் அடுப்பில் காட்டிய ஸ்பூனின் சூட்டை அளக்க முடியாது, பிள்ளைத் தோல் வெந்துபோகும். எல்லாவற்றையும் விட ஆபத்து, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துக் கைக்குழந்தைக்குத் தேய்ப்பது. கற்பூரம் உடலுக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

மெடிக்கல் கடையில் "அரிப்புக்கு ஒரு கிரீம் குடுங்க" என்று கேட்டு வாங்கும் ட்யூபில் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் எல்லாம் கலந்திருக்கலாம். வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துபோகும். பின்னால் தேமல் படை வந்தாலும் அடையாளம் தெரியாமல் மறைத்துவிடும். ட்யூபின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பிள்ளையின் நகத்தை வெட்டி வைப்பது சாதாரண விஷயமாகத் தெரியும். ஆனால் காலெல்லாம் கருப்புப் புள்ளியாக நிற்கும் அந்தத் தழும்புகள் கொசு போட்டவை அல்ல, நகம் போட்டவை. ராத்திரி தூக்கத்தில் சொறியும் பிள்ளைக்குக் கடித்த இடத்தில் ஒரு பிளாஸ்திரி ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

எந்தக் கொசு, எந்த நேரம்?

வீங்குகிறவர் வீட்டில் இருந்தால் கடியைத் தடுப்பதுதான் உண்மையான மருந்து. அதற்கு நகரத்தின் இரண்டு கொசுக்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ராத்திரி காதுக்குள் பாடுவது க்யூலெக்ஸ். சாக்கடை, வாய்க்கால், செப்டிக் டேங்க் இதன் பிறப்பிடம். கனமழையில் வாய்க்கால் அடித்துக்கொண்டு ஓடும்போது புழுவும் போய்விடும். மழை விட்டு, ஓட்டம் நின்று கழிவுநீர் தேங்கும்போது பெருகும். மார்கழி, தை மாதங்களில் நகரம் தவிப்பது இதனால்தான். பகலில், குறிப்பாகக் காலையிலும் பிற்பகல் கடைசியிலும், மேசைக்கு அடியில் கணுக்காலைக் கடிப்பது ஏடிஸ். டெங்கு கொசு. இதற்கு நல்ல தண்ணீர் போதும். மூடி உடைந்த சிண்டெக்ஸ் டேங்க், பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் டயர், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நீர் சேரும் தட்டு. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயில் நைலான் வலையைக் கட்டுவது கொஞ்சம் செலவில் முடியும் வேலை, ஆனால் பெரும்பாலான மாடிகளில் அது கட்டப்படுவதே இல்லை.

க்யூலெக்ஸுக்குக் கொசுவலை. மெல்லிய பருத்தித் துணி வழியாகவும் கொசு குத்தும் என்பதால் தூளியில் தூங்கும் குழந்தைக்குத் தூளித் துணி பாதுகாப்பு ஆகாது, மேலே வலை போட வேண்டும், பகலிலும். மின்விசிறிக் காற்று நேராகப் படும்படி படுத்தால் கொசு இறங்கத் திணறும். ஏடிஸுக்கு முழுக்கால் உடையும் தோலில் தடவும் விரட்டியும். டீட், பிக்காரிடின் உள்ளவை நம்பகமானவை. டீட்டை இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் போடக்கூடாது. லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் வகை மூன்று வயதுக்குக் கீழ் வேண்டாம். பிள்ளையின் கையில் தடவாதீர்கள், கை வாய்க்குப் போகும். துணியில் ஒட்டும் ஸ்டிக்கரை மட்டும் நம்பிப் பள்ளிக்கு அனுப்புவது போதாது.

கொசுவத்தி பற்றி ஒரு கணக்கு. ஒரு சுருள் எரியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிப்பதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஒரு ஆய்வு சொன்னது. வீசிங் உள்ள பிள்ளை தூங்கும் மூடிய அறையில் அதை ஏற்றுவது கொசுக்கடியை விட மோசம். நொச்சி, வேப்பிலைப் புகையும் புகைதான். 2012-ல் சென்னை மாநகராட்சி நீர்வழி ஓர வீடுகளுக்கு நொச்சிக் கன்று கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். செடி சும்மா நிற்பதால் மட்டும் கொசு வீட்டை விட்டுப் போய்விடாது.

புதுச்சேரிக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கொசு ஆய்வு மையமான விசிஆர்சி 1975 முதல் இந்திரா நகரில்தான் இயங்குகிறது. இந்த நகரத்தையே ஆய்வுக்கூடமாக்கி, 1981 முதல் 1985 வரை, பி.கே. ராஜகோபாலன் தலைமையில் யானைக்கால் கொசுவை ஒழிக்கும் திட்டத்தை அது நடத்தியது. மருந்தடிப்பதை மட்டும் நம்பாமல், கொசு பிறக்கும் இடத்தையே மூடுவதுதான் அதன் அடிப்படை. புழுவை மட்டும் கொல்லும் பாக்டீரியா ரகம் ஒன்றும் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது.

அதே மையம் 2022-ல், வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றப்பட்ட ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியதாக அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த வேலை இது. இந்தக் கொசுவுக்குள் டெங்கு வைரஸ் பெருகுவது கடினம். திறந்துவிட அரசு அனுமதிகள் வேண்டும். ஒருவேளை நாளை அவை நகரத்தில் பறந்தாலும் டெங்கு பயம்தான் குறையும். அந்தக் கொசுக்களும் ரத்தம் குடிக்கத்தான் செய்யும், எச்சிலும் அதே எச்சில்தான். வீங்குகிற பிள்ளைக்கு அப்போதும் கொசுவலையும் ஐஸும் வேண்டும்.